நான் அளக்காத குழாய்

சரோஜினி செய்யாத ஒரு தவறுக்காக அவரை அவருடைய வேலை மேசையிலிருந்து எழுப்பியவன் நான். அந்தத் தவறைச் செய்தவனும் நான்தான். இரண்டையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் சங்கத்து ஆண்டு மலர்க்குழுவினர் வந்து, "புதுசா வேலையிலை சேர்ந்த எங்கட பிள்ளையளுக்கு உங்கட அனுபவத்தை எழுதித் தாங்கோ, வாசிக்கச் சந்தோசமா இருக்கோணும்" என்று கேட்டார்கள். நான் நன்றாகச் செய்த வேலைகள் நாலைந்தை எழுதிப் பார்த்தேன். வாசிக்க எனக்கே கொட்டாவி வந்தது. நல்ல வேலையை நீங்களாகவே செய்துகொள்வீர்கள், அதற்கு நான் தேவையில்லை. ஆகவே இதை எழுதுகிறேன். சந்தோசமும் கொஞ்சம் இருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் வேலை பார்த்தது ஈஸ்ட் டாமாக்கி என்கிற தொழிற்பேட்டைப் பகுதியில், துப்பாக்கி திருத்தும் ஒரு சிறிய பட்டறையில். முதலாளி, சரோஜினி, நான், கடைசல் இயந்திரத்தில் இரண்டு டொங்கா நாட்டுச் சகோதரர்கள். அவ்வளவுதான் ஆட்கள். வேலை கிடைத்ததென்று வீட்டில் சொன்னபோது மனைவி என்னை மேலும் கீழும் பார்த்தாள். "வெடிச்சத்தத்துக்குப் பயந்து இவ்வளவு தூரம் ஓடி வந்திட்டு, இங்கை துவக்குத் திருத்தப் போறியளோ?" என்றாள். நாங்கள் குடியிருந்த லின்ஃபீல்டில் அயலவர்களிடம் பல வருடங்கள் "ஸ்பிரிங் வேலை" என்றே சொல்லி வந்தேன். ஒருவர் கட்டில் ஸ்பிரிங் என்று நினைத்து மெத்தை மலிவாகக் கிடைக்குமா என்று கேட்டார்.

ஸ்பிரிங் வேலை என்பது முழுப் பொய்யுமல்ல. எங்களிடம் வந்தவற்றில் ஒரு வகை, காட்டு ஆடுகளையும் முயல்களையும் ஒழிப்பதற்குத் தனி அனுமதி பெற்றவர்களின் துப்பாக்கிகள். மற்றவர்கள் அந்த வகையை வைத்திருக்க முடியாது. அதன் பின்கட்டைக்குள், அதாவது தோளில் பதியும் பகுதிக்குள், ஒரு குழாய் இருக்கும். குழாய்க்குள் ஒரு ஸ்பிரிங், ஸ்பிரிங்கின் தலையில் பஃபர் என்கிற ஓர் உலோகத் துண்டு. சுடும்போது பின்னால் பாய்ந்து வருகிற பாகத்தை அது தாங்கித் திருப்பி அனுப்புகிறது. நீளமான குழாய்க்கு நீளமான பஃபர், குட்டைக் குழாய்க்குக் குட்டைப் பஃபர். இரண்டுக்கும் நடுவில் ஓர் இடைநீள வகையும் உண்டு. அதைப் பொருத்திய துப்பாக்கிகள் எங்களிடம் அரிதாகவே வந்தன. ஒன்றுக்குரியதை இன்னொன்றில் போட்டால் கையால் இழுத்துப் பார்க்கும்போது ஒன்றும் தெரியாது. சுடும்போதுதான் தெரியும். தொழில் விஷயமாக இதற்கு மேல் நீங்கள் அறியவேண்டியது எதுவுமில்லை.

கழற்றிய பாகங்களைத் திரும்பப் பொருத்துகிற பூட்டும் மேசை சரோஜினியுடையது. ஃபிஜியில் பிறந்தவர், என்னைவிடப் பத்து வயது இளையவர். அவருடைய பாட்டனாரின் தகப்பன் கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலில் போனவர். சரோஜினியின் தமிழில் பாதி தகப்பனிடமிருந்து வந்தது, மீதி தொலைக்காட்சித் தொடர்களிலிருந்து வந்தது. ஆகவே சாதாரணமாகப் பேசும்போது தடுமாறுவார். கோபம் வந்தால் மட்டும் தொடரில் வருகிற மாமியார் மாதிரி நிறுத்தாமல் பேசுவார்.

அவர் மேசையில் ஒரு வழக்கம் இருந்தது. ஒரு துப்பாக்கியைக் கழற்றினால், அதன் துண்டுகள் முழுவதும் ஒரே ஐஸ்கிரீம் டப்பாவுக்குள் போகும். மூடியில் துப்பாக்கியின் இலக்கத்தை எழுதுவார். வேலை முடிந்து பூட்டும்வரை அந்த டப்பாவிலிருந்து எதுவும் வெளியே போகாது, வெளியிலிருந்து எதுவும் உள்ளே வராது. இரண்டு லீட்டர் வெற்று டப்பாக்கள் அலமாரி நிறைய இருந்தன. புதிய டப்பா வேண்டுமென்றால் யாராவது ஐஸ்கிரீம் தின்றாக வேண்டும். டொங்கா சகோதரர்கள் இந்தப் பொறுப்பை மிகுந்த கடமையுணர்ச்சியோடு செய்துவந்தார்கள்.

எனக்கு அந்த அலமாரியைப் பார்க்கவே பிடிக்காது. நான் பொறியியல் படித்தவன். இழுப்பறை, பெயர்ச்சீட்டு, அளவு வரிசை என்று பழகியவன். ஹோக்கி போக்கி ஐஸ்கிரீம் என்று படம் போட்ட டப்பாவுக்குள் துப்பாக்கியின் பாகங்கள் கிடப்பது எனக்கு மானப் பிரச்சினையாகவே பட்டது.

அந்த வருடம் ஈஸ்டர் விடுமுறைக்குப் பிறகு காவல்துறையிலிருந்து ஓர் அதிகாரி பட்டறையைப் பார்வையிட வருவதாக இருந்தது. சரோஜினி கூடுதலாக இரண்டு நாள் லீவு போட்டிருந்தார். ஃபிஜியில் அவருடைய ஆட்கள் ஈஸ்டருக்கு நடத்துகிற விளையாட்டுப் போட்டியில் அவர்தான் ஒரு நெட்பால் அணிக்குப் பயிற்சியாளர். முதலாளி போகிற போக்கில், "அதிகாரி வருகிறார், இடத்தைக் கொஞ்சம் ஒழுங்காக வையுங்கள்" என்றார். இங்கே ஆங்கிலத்தில் நடந்த பேச்சையெல்லாம் தமிழிலேயே தருகிறேன்.

கொஞ்சம் ஒழுங்காக என்றால் மேசையைத் துடைத்துக் குப்பையைக் கொட்டுவது. நான் அலமாரியைக் காலி செய்தேன். ஆறு டப்பாக்களில் வேலை பாதியில் இருந்தது. ஸ்பிரிங்குகளை ஓர் இழுப்பறையில், பஃபர்களை இன்னொன்றில், உதிரிகளோடு சேர்த்து நீளவாரியாக அடுக்கினேன். கடைசியில் பார்த்தால் நகைக்கடைக் கண்ணாடிப் பெட்டி தோற்றுவிடும். கைபேசியில் படம்கூட எடுத்தேன். முதலாளி தோளில் தட்டினார்.

அதிகாரி வந்தார். பெட்டகத்தின் பூட்டைப் பார்த்தார், பதிவேட்டைப் பார்த்தார், டொங்கா சகோதரர்கள் கொடுத்த ஐஸ்கிரீமைத் தின்றார், போய்விட்டார். இழுப்பறைப் பக்கம் திரும்பவேயில்லை.

அவர் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. மறுநாள் சரோஜினி வருவார். எந்தப் பஃபர் எந்தத் துப்பாக்கிக்குரியது?

இந்த இடத்தில் என்னிடம் சரியான வழி ஒன்று இருந்தது. "டப்பாக்களைக் கலைத்துவிட்டேன்" என்று சரோஜினியிடம் சொல்லியிருக்கலாம். அவர் ஆறு குழாய்களையும் அளந்து அரை நாளில் பிரித்திருப்பார். திட்டும் விழுந்திருக்கும். அந்த மாமியார்த் திட்டுக்குத்தான் பயந்தேன். படித்த மனிதன் ஒருவன் ஐஸ்கிரீம் டப்பா விஷயத்தில் பிழைவிட்டான் என்று சகோதரர்கள் சிரிப்பார்களே என்றும் பயந்தேன். ஆகவே நானே பிரித்தேன். பஃபர்களை வெர்னியர் அளவுகோல் வைத்து நுணுக்கமாக அளந்தேன். குழாய்களை அளக்கவில்லை. குழாயின் உள் ஆழத்தை அளக்க இரண்டு நிமிடம்தான் ஆகும். வெளியிலிருந்து பின்கட்டையைப் பார்த்தேன், தெரிந்தது என்று நினைத்தேன். இடைநீளக் குழாய் ஒன்று, குட்டை மாதிரித் தோன்றுகிற ஒரு பின்கட்டைக்குள் ஒளிந்திருந்தது. அதன் டப்பாவில் குட்டைப் பஃபரைப் போட்டேன். ஆறு டப்பாவும் நிறைந்த பிறகு இழுப்பறையில் மிஞ்சியவற்றை உதிரிகள் என்று முடிவு செய்தேன். மூடிகளை அழுத்தி மூடினேன். யாரிடமும் சொல்லவில்லை.

சரோஜினி கத்திக் கத்தித் தொண்டை கட்டித் திரும்பி வந்தார். அவருடைய அணி இரண்டாமிடம். நடுவரைப் பற்றி ஒரு மணி நேரம் சொன்னார். பிறகு டப்பாக்களைத் திறந்து, வழக்கப்படி பூட்டி, கையால் இழுத்துப் பார்த்து, வேலைச் சீட்டில் கையெழுத்திட்டு அனுப்பினார். டப்பாவுக்குள் இருப்பதை அவர் ஏன் சந்தேகப்பட வேண்டும்? அந்த வழக்கமே சந்தேகப்படத் தேவையில்லாமல் இருப்பதற்காக வந்ததுதானே.

மூன்று வாரம் கழித்து டேவ் என்கிற ஆட்டுக்காரர் வந்தார். பண்ணைக்காரர்களுக்காக மலைச்சரிவுகளில் காட்டு ஆடு ஒழிப்பவர். அந்த இடைநீளக் குழாய்த் துப்பாக்கி அவருடையது. இருபது தடவை சுட்டதும் பின்பக்கம் வெடிப்பு விழுந்து இறுகிவிட்டதாம். நல்லவேளை, ஆளுக்கு ஒரு கீறலும் இல்லை.

"முப்பது ஆடு என்னைச் சுற்றி நின்றது. நான் துப்பாக்கியைத் தட்டிக்கொண்டிருக்கிறேன். ஒரு கிடாய் பக்கத்தில் வந்து என்ன பிரச்சினை என்று பார்த்தது" என்றார்.

எல்லோரும் சிரித்தோம். முதலாளி சிரிக்கவில்லை. ஒரு முறை டேவின் முகத்தையும் ஒரு முறை வெடிப்பையும் பார்த்தார். இன்னும் கொஞ்சம் பெரிய வெடிப்பாக இருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். வேலைச் சீட்டை எடுத்தார்.

"சரோ, இதில் உன் கையெழுத்து."

"ஆமா, நான்தான் பூட்டினேன். ஆனா நான் கழட்டி டப்பாவுல வச்ச பஃபர் இது இல்ல." முதலில் தமிழில் என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டு, பிறகு முதலாளியிடம் ஆங்கிலத்தில் சொன்னார்.

முதலாளி என் பக்கம் திரும்பினார். "ஈஸ்டரில் நீதானே ஒழுங்கு செய்தாய்?"

பிள்ளைகளே, உங்கள் வேலையில் இப்படி ஒரு நொடி வரும். யோசிக்க நேரமிருக்காது. நீங்கள் எந்த மாதிரியான ஆள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்களோ, அந்த ஆள் அப்போது பேசமாட்டான். வேறொருவன் உங்கள் வாயால் பேசிவிடுவான். என் வாய் சொன்னது இது: "எடுத்ததை எடுத்த இடத்திலேயே திருப்பி வைத்துவிட்டேன்."

சரோஜினி என்னைப் பார்த்தார். கோபம் வந்தால் நிறுத்தாமல் பேசுகிறவர், பேசவில்லை.

அன்று மதியம் எல்லோரும் சாப்பிடப் போன பிறகு இழுப்பறையைத் திறந்தேன். உதிரி என்று நான் நினைத்தவற்றின் நடுவில் ஓர் இடைநீளப் பஃபர் கிடந்தது. பாவித்துத் தேய்ந்தது. உதிரி என்றால் புதிதாக இருக்க வேண்டும். அதை எடுத்துக் காற்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனேன். காலையில் சொன்ன பொய்க்குப் பயம் காரணம். இதற்கு அப்படி ஒன்றும் சொல்ல முடியாது. ஒரு முழு மதியம் இருந்தது யோசிக்க.

அந்த மாதம்தான் பூட்டும் மேசைக்கு சரோஜினியைப் பொறுப்பாளராகப் போடுவதாக இருந்தது. பட்டறையிலிருந்து வெளியே போகிற ஒவ்வொன்றுக்கும் அவர் கையெழுத்தே கடைசி என்று ஆகியிருக்கும். அந்த வேலையில் அதற்கு மேல் ஒரு மரியாதை இல்லை. முதலாளி அவரைப் பொதி அனுப்புகிற மூலைக்கு மாற்றினார். மேசையை எனக்குத் தந்தார்.

அதன்பிறகு தினமும் காலையில் நான் சரோஜினிக்குத் தேநீர் போட்டுக் கொடுத்தேன். அவரும் வாங்கிக் குடித்தார். மூன்று மாதத்தில் வேலையை விட்டு, இரண்டு தெரு தள்ளி, சுருள்கதவு செய்கிற இடத்தில் சேர்ந்தார். போகும்போது வெற்று டப்பாக்கள் முழுவதையும் காரில் ஏற்றினார். முதலாளி தயங்கியபடி, "அது பட்டறையுடையது இல்லையா?" என்று கேட்டார். "ஐஸ்கிரீம் வாங்கினது நானு" என்றார் சரோஜினி. அவர் போன பிறகு அதே டப்பா முறையை நான் முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. எனக்கு நீரிழிவு.

டேவின் துப்பாக்கி திரும்பி வந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏவன்டேல் சந்தையில் முருங்கைக்காய் தெரிவுசெய்துகொண்டிருந்தேன். பின்னாலிருந்து "அண்ணே!" என்று ஒரு குரல். சரோஜினியும் கணவரும். கணவர் பேருந்து ஓட்டுநர், தோள் இரண்டும் கதவகலம். என் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு ஆங்கிலத்தில் சொன்னார்: "அந்த இடத்தில் நீங்கள் ஒருவர்தான் நல்லவர் என்று இவள் சொல்லுவாள். தினமும் தேநீர் போட்டுக் கொடுப்பீர்களாமே."

சரோஜினி கீரைக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முருங்கைக்காயை அங்கேயே வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். "சமைக்க ஒண்டுமில்லை, சந்தைக்குப் போய் என்ன செய்தனீங்கள்?" என்று மனைவி கேட்டாள். உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, "நாளைக்குப் போய்ச் சொல்லுங்கோ. நாளண்டைக்கு எண்டால் நீங்கள் போகமாட்டியள்" என்றாள்.

மறுநாள் மதிய இடைவேளையில் சுருள்கதவுப் பட்டறையின் வாகனத் தரிப்பிடத்துக்குப் போனேன். சரோஜினி தன் காருக்குள் இருந்து ரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கண்ணாடியை இறக்கினார். பஃபரை நீட்டினேன். வாங்கிப் பார்த்தார்.

"இது எங்க இருந்துச்சு?"

"என்ரை கராஜிலை."

"ஒண்ணரை வருஷமா?"

"ஓம். டப்பாவைக் கலைச்சது நான்தான். பிழையாத் திருப்பி வைச்சதும் நான்தான். முதலாளியிட்டைப் பொய் சொன்னனான்."

உள்ளங்கையில் வைத்து அதன் எடையைப் பார்த்தார். "தெரியும்" என்றார்.

"எப்பிடி?"

"அதுக்கு முன்னாடி ஒரு நாளாச்சும் எனக்கு நீங்க டீ போட்டுக் குடுத்திருக்கீங்களா?"

யோசித்துப் பார்த்தேன், ஒரு நாளும் இல்லை.

"டீயும் நல்லா இல்ல" என்றார். "ஒரே சக்கரை. நீங்களா சொல்லுவீங்கன்னு மூணு மாசம் அத குடிச்சேன். வேற யாரு சொல்லுவா? என்கிட்ட ஆதாரம் இல்ல, ஆதாரம் உங்க கராஜ்ல இருக்கு."

"வீட்டிலை ஏன் என்னை நல்லவன் எண்டு சொன்னனீங்கள்?"

"நெசத்த சொன்னா அந்தாளு உங்க வாசல்ல பஸ்ஸ கொண்டாந்து நிறுத்தியிருப்பாரு. நேத்து அவரு தோள பாத்தீங்கல்ல?"

சிரிக்கலாமா என்று தெரியாமல் நின்றேன். அவர் சிரிக்கவில்லை.

"மன்னிச்சிட்டேன்னு நான் சொல்லணுமா? சொல்ல மாட்டேன். கார் பார்க்ல சொன்னா ஆச்சா? என்னை எல்லார் முன்னாடியும் எழுப்பிவிட்டாங்க. எங்க நின்னு பொய் சொன்னீங்களோ அங்க நின்னு சொல்லுங்க. அந்த ஆட்டுக்காரரும் இருக்கணும்." பஃபரை என்னிடமே திருப்பித் தந்துவிட்டுக் கண்ணாடியை ஏற்றினார்.

அன்று மாலையே முதலாளியிடம் சொன்னேன். எனக்கு வயது ஐம்பத்தொன்பது, வீட்டு மோர்ட்கேஜ் இன்னும் முடியவில்லை. வேலை போய்விடும் என்றே நினைத்தேன். அவர் சுவரிலிருந்த நாட்காட்டியைப் பார்த்தார். "வெள்ளிக்கிழமை ஸ்மோக்கோவில் சொல். டேவை நான் கூப்பிடுகிறேன்" என்றார். காலைத் தேநீர் இடைவேளைக்கு இங்கே அதுதான் பெயர்.

வெள்ளிக்கிழமை பூட்டும் மேசைக்குப் பக்கத்தில் நின்று சொன்னேன். என்ன செய்தேன், என்ன சொன்னேன், என்ன ஒளித்தேன் என்று மூன்றே வாக்கியம். முந்தின இரவு இரண்டு பக்கம் எழுதி வைத்திருந்தேன். அதில் என் கஷ்டங்கள், என் பயம், நான் வளர்ந்த விதம் எல்லாம் இருந்தன. நின்றபோது அவை அந்த இடத்துக்கு உரியவையல்ல என்று புரிந்து தாளை மடித்துவிட்டேன்.

மூத்த டொங்கா சகோதரர் கையிலிருந்த இறைச்சிப் பேஸ்ட்ரியைக் கடிப்பதை நிறுத்தினார். அந்த மனிதர் உணவை நிறுத்தியதை அதற்கு முன் நான் கண்டதில்லை.

டேவ் தாடையைத் தடவினார். "நான் ஒன்றரை வருடம் தப்பான ஆளைத் திட்டியிருக்கிறேன். இப்போது உன்னைத் திட்ட வேண்டும், ஆனால் கோபம் மிச்சமில்லை." அடுத்த நாள் சரோஜினியின் வீட்டுக்கு ஓர் ஆட்டுத்தொடையைக் கொண்டுபோய்க் கொடுத்தாராம். எனக்கு ஈரல்கூட வரவில்லை.

முதலாளி நேரே போய் சரோஜினியிடம் மன்னிப்புக் கேட்டுத் திரும்பி வரும்படி அழைத்தார். சரோஜினி இரண்டு வாரம் பதில் சொல்லவில்லை. சுருள்கதவுக்காரர்கள் அவரை நன்றாக வைத்திருந்தார்கள். பிறகு ஒருநாள் பட்டறைக்கு வந்து, நின்றபடியே தன் நிபந்தனைகளைச் சொன்னார். பொறுப்பாளர் பதவி எழுத்தில் வேண்டும். கடைசிக் கையெழுத்து அவருடையது. முதலாளி எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, "இவரை வேலையிலிருந்து நிறுத்திவிடலாம் என்றிருக்கிறேன்" என்று என்னைக் காட்டினார்.

"வேணாம்" என்றார் சரோஜினி. தமிழில் சொன்னதால் முதலாளிக்குப் புரியவில்லை. என்னைப் பார்த்துத்தான் சொன்னார். "கை நல்ல கை. வாய்தான் மோசம். என் மேசைலயே இருக்கட்டும், நான் பாத்துக்கறேன்." பிறகு அதையே முதலாளியிடம் ஆங்கிலத்தில் சுருக்கமாகச் சொன்னார்.

அதன்பிறகு நாலு வருடம் அவருக்குக் கீழே வேலை செய்தேன். நான் பூட்டியது எதுவும் அவர் கையெழுத்தில்லாமல் வெளியே போகவில்லை. பொதுவாக மூன்றில் ஒன்று திரும்பி வரும். ஒரு முறை மூடியில் நான் எழுதிய ஏழு ஒன்று மாதிரி இருக்கிறதென்று திருப்பி அனுப்பினார். என் படிப்பை மதித்து என்னைக் கேட்காமல் விட்டவர்கள் பலர். சரோஜினி ஒவ்வொரு முறையும் கேட்டார். என் வேலை வாழ்க்கையில் நான் மிக நிம்மதியாகத் தூங்கியது அந்த நாலு வருடம்.

மன்னித்தேன் என்று அவர் இன்றுவரை சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஓய்வு பெற்ற நாளன்று மதியம் எனக்குக் கேக் வெட்டுவதாக இருந்தது. மேசையில் கடைசியாக ஒரு துப்பாக்கி. அவசரம், வெளியே எல்லோரும் காத்திருக்கிறார்கள். வேலைச் சீட்டை சரோஜினியின் முன்னால் வைத்தேன். பேனாவை எடுத்தவர், கையெழுத்திடாமல் நிமிர்ந்தார்.

"குழாய அளந்தீங்களா அண்ணே?"

ஓம் என்று ஒரு சொல் போதும். பஃபர் சரியானதுதான் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

"இல்லை" என்றேன். "கண்ணாலைதான் பார்த்தனான்."

அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. ஒளிக்கப் பார்த்தார், முடியவில்லை. வெர்னியரை என் பக்கம் தள்ளினார்.

"அளங்க. கேக் எங்கயும் ஓடாது."

அளந்தேன். சரியாகவே இருந்தது. அளவைச் சீட்டில் எழுதினேன். அதற்குக் கீழே அவர் கையெழுத்திட்டார்.